ஜன்னலோடு போன பட்டாணி

குளிர்காலம் தொடங்கி, காலையில் வெறுந்தரையில் கால் வைத்ததும் உடம்பு ஒருமுறை சிலிர்க்குமே, அன்றைக்கு டின்னக்கா ஒரு பிடி பட்டாணியை எடுத்துத் தண்ணீரில் ஊறப் போட்டுவிடுவாள். காலண்டரைப் பார்ப்பதெல்லாம் கிடையாது. பாதம் சொன்னால் போதும். வயது அறுபதைத் தாண்டிவிட்டது, முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. "கடையில உரிச்சே விக்கிறான், நீ ஏம்மா இன்னும் மண்ணைப் போட்டுக் கிளறிக்கிட்டு இருக்க?" என்று மகள் வருஷா வருஷம் போனில் கேட்பாள். டின்னக்கா "சரி சரி" என்று போனை வைத்துவிட்டு, மண்ணைக் கிளறப் போய்விடுவாள்.

மண்ணில் விரலை விட்டால் போதும், அவள் குடியிருந்த வீடுகள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வரும். ஒழுகிய வீடு, எதிரே லேத் பட்டறை இரைந்த வீடு, குழாயில் தண்ணீர் வராமல் காற்று மட்டும் வந்த வீடு. எல்லாவற்றையும் நினைத்துச் சிரிப்பாள். ஆறாவது வீடு வரும்போது மட்டும் மண்ணில் விட்ட விரல் அப்படியே நின்றுவிடும்.

டின்னக்கா என்பது பிஸ்கட் கம்பெனியில் அவளுக்கு வைத்த பெயர். அங்கே பேக்கிங் பிரிவில் அவளுக்கு வேலை. பெல்ட்டில் வரிசையாக வரும் பிஸ்கட்டில் உடைந்ததைப் பொறுக்கி எறிந்து, நல்லதை அடுக்கிக் காகிதம் சுற்ற வேண்டும். மாவு பிசையும் பிரிவில் எண்ணெய் வரும் சதுர டின்கள் காலியானதும் அவள் போய் நிற்பாள். மற்ற பெண்கள் உடைந்த பிஸ்கட் கேட்டு நிற்பார்கள், இவள் டின் கேட்டு நிற்பாள். வெளியே போகும்போது வாசல் காவலர் டின்னுக்குள் தோள் வரை கையை விட்டுத் துழாவுவார். அவர் சந்தேகத்துக்கு ஒரு பிஸ்கட் துண்டுகூட ஒருநாளும் அகப்பட்டதில்லை, கையில் எண்ணெய்ப் பிசுக்குதான் ஒட்டியது. "இதை வச்சு என்னதான் பண்றே?" என்று கேட்டவரிடம் ஒருநாள் ஒரு கை நிறையப் பச்சைப் பட்டாணிக் காய் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதிலிருந்து துழாவுவது நின்றது.

பட்டாணி அவள் வாழ்க்கைக்குள் வந்தது ஒரு காய்ச்சலால். கல்யாணமான புதிது. சமைப்பதற்காகக் காய்ந்த பட்டாணியை ஊறப் போட்டிருந்தாள். அன்று பார்த்துப் புருஷனுக்கு அனலாய்க் காய்ச்சல். கஞ்சி, மாத்திரை, ஈரத்துணி என்று ஓடியதில் பட்டாணியை மறந்தே போனாள். தண்ணீரை வடித்துத் துணி மூடி வைத்தது மட்டும் ஞாபகம். காய்ச்சல் இறங்கிய பிறகு துணியைத் திறந்தால், ஒவ்வொன்றும் வெள்ளையாக ஒரு மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. உயிர் வந்துவிட்டதை எப்படிக் கொதிக்கிற தண்ணீரில் போடுவது? அவளால் முடியவில்லை. ஒரு எண்ணெய் டின்னில் மண்ணை நிரப்பி, விரலை ஒரு கணு ஆழம் அழுத்தி, நாலு விரல் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகப் போட்டாள்.

அப்போது படுக்கையில் கிடந்த புருஷன் எழுந்து வந்து பார்த்தார். மறுநாள் தான் வேலை பார்க்கும் பட்டறையிலிருந்து வரும்போது ஒரு பழைய ஆணியும் சுத்தியலும் கொண்டுவந்து, டின்னை மண்ணோடு மெதுவாகச் சாய்த்து, அடியில் தண்ணீர் வடிய ஓட்டை போட்டுக் கொடுத்தார். கையைக் கிழிக்காமல் இருக்க விளிம்பை உள்பக்கமாக மடித்துத் தட்டினார். பிறகு கைகழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

அவர் வெல்டர். கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்யும் பட்டறையில் வேலை. சாயந்திரம் வீட்டுக்குள் நுழையும்போது கூடவே தீய்ந்த இரும்பு வாசனையும் நுழையும். பேச்சு மட்டும் வராது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயந்தவர் மாதிரி இருப்பார். கல்லுளிமங்கன் என்று டின்னக்கா அவர் காதுபடவே சொல்லுவாள். கோபித்துக்கொண்டாரா, ரசித்தாரா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க அவளுக்கு ரொம்ப வருஷம் பிடித்தது.

வாடகை வீட்டில் பட்டாணி வளர்ப்பவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. அதை அவளாகத்தான் பட்டுத் தெரிந்துகொண்டாள். பட்டாணிக் கொடி நிற்கத் தெரியாத ஜீவன். நுனியில் நூல் மாதிரி ஒரு பற்றுக்கம்பி நீண்டு, எதிரே எது கிடைக்கிறதோ அதைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். பிடித்தால் விடாது. இரண்டாவது வீட்டில் மாடிப்படிக் கைப்பிடியில் ஏறிய கொடியை, வீடு மாறும்போது அறுத்துப் போட்டுவிட்டு வர வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு சட்டம் இதுதான்: கொடி டின்னோடுதான் பிடித்துக்கொள்ள வேண்டும், வீட்டோடு பிடிக்கக் கூடாது. பட்டறையில் மிஞ்சிய கம்பித் துண்டுகளை வைத்துப் புருஷன் ஏணி மாதிரி சின்னச் சட்டங்கள் பற்றவைத்துக் கொடுத்தார். டின்னில் குத்திவிட்டால் கொடி அதில் ஏறும். காலி பண்ணச் சொன்னால் டின்னைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது வீடு எல்லாம் இப்படித்தான் கழிந்தது. காய் ஒரு வீட்டில் பிடிக்கும், பறிப்பது இன்னொரு வீட்டில் நடக்கும்.

ஆறாவது வீட்டில் அவள் சட்டத்தை மீறினாள்.

அது மூன்றாவது மாடி. ஒரே பெரிய அறை, ஒரு சமையலறை, கிழக்குப் பார்த்த ஒரு ஜன்னல். ஆனால் என்ன ஜன்னல் அது! காலை வெயில் உள்ளே வந்து, பாய் விரித்த மாதிரி அறை முழுக்கப் படுத்துக்கொள்ளும். கீழே குடியிருந்த ஓனரம்மா கறார் பேர்வழி. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, மாடியில் நாற்காலியை இழுக்கக் கூடாது. ஆனால் டின்னக்காவைப் பிடித்துப்போயிற்று. "நீங்க இருக்கிற வரைக்கும் இருங்கம்மா, உங்களை யார் போகச் சொல்லப் போறா?" என்று ஒருநாள் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையை டின்னக்கா மனதில் பத்திரப் பதிவு பண்ணிக்கொண்டாள். இத்தனைக்கும் ஓனரம்மா அப்போது தண்ணீர் மோட்டாரை நிறுத்தப் போகிற அவசரத்தில் இருந்தாள்.

ஜன்னலின் பழைய கிரில் துருப்பிடித்து உதிர்ந்துகொண்டிருந்தது. புதிதாக ஒன்று செய்து மாட்டும்படி ஓனரம்மா வெல்டரிடமே சொன்னாள். பூவும் கொடியுமாக டிசைன் போட்டுத்தான் அப்போதெல்லாம் கிரில் செய்வார்கள். இவர் வெறும் சதுரம் சதுரமாகப் போட்டார், உள்ளங்கை அளவுச் சதுரம். குறுக்குக் கம்பிகள் எல்லாம் மெல்லிசு.

"இவ்வளவு மெல்லிசா இருந்தா திருடன் வளைச்சுட்டு வந்துட மாட்டானா?" என்றாள் ஓனரம்மா.

"மூணு மாடி ஏறி வர்றவன் வாசல் வழியாவே வரலாம்மா," என்றார் அவர். அந்த மாதத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

டின்னக்காவுக்குத்தான் விஷயம் புரிந்தது. பட்டாணியின் பற்றுக்கம்பிக்கு அத்தனை பெரிய பிடி இல்லை. விரல் தடிமன் கம்பியை அதனால் சுற்ற முடியாது, தடவிப் பார்த்துவிட்டுத் தொங்கிப்போகும். மெல்லிய கம்பியென்றால் ஒரே நாளில் சுற்றிக்கொள்ளும். ஊருக்கெல்லாம் ஜன்னல் செய்கிற மனுஷன் தன் பெண்டாட்டியின் பட்டாணிக்கென்று ஒரு ஜன்னல் செய்து மாட்டியிருக்கிறார். அதை வாயால் சொல்லத்தான் அவருக்கு வராது. அன்றைக்கே அவள் கம்பிச் சட்டங்களை எல்லாம் கட்டிப் பரணில் போட்டாள். நாலு டின்னையும் ஜன்னல் திண்டில் வரிசையாக வைத்துக் கொடியைக் கிரில்லில் ஏற்றிவிட்டாள்.

அந்த வீட்டில் கழிந்த குளிர்காலங்களை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு நாக்கில் பச்சைப் பட்டாணி இனிக்கும். ஜன்னல் முழுக்கக் கொடி ஏறி, வெள்ளை வெள்ளையாகப் பூத்து, உள்ளே விழும் வெயிலே லேசான பச்சையாக இருக்கும். மகள் அப்போது சின்னப் பெண். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைக்கூட இறக்காமல் ஜன்னலுக்கு ஓடுவாள். "ஒரு கையால கொடியைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால பறி, இழுத்தா கொடியே வந்துடும்," என்று டின்னக்கா கத்துவாள். சாயந்திரம் மூன்று பேரும் ஜன்னலடியில் உட்கார்ந்து காயை உரிப்பார்கள். உரிப்பது என்பது பேருக்குத்தான், பாத்திரத்துக்குப் போவதைவிட வாய்க்குப் போவதுதான் அதிகம். புருஷன் உரித்ததை மகள் கையில் ஒன்றும் மனைவி கையில் ஒன்றுமாக மாற்றி மாற்றி வைப்பார். அவர் சாப்பிட்டு அவள் பார்த்ததில்லை. பட்டாணி பிடிக்காதோ என்றுகூட அவளுக்குச் சந்தேகம் உண்டு. கேட்டால் சொல்லுகிற ஆளா அவர்?

நாலாவது குளிர்காலம். கொடி ஜன்னலின் பாதியைத் தாண்டிப் பூவெடுத்திருந்தது. கீழ்க்கணுக்களில் தட்டைத் தட்டையாகப் பிஞ்சு தொங்கியது. வேலை முடிந்து படியேறும்போது ஓனரம்மா அவளை நிறுத்தினாள்.

"சாமானெல்லாம் கட்ட ஆரம்பிச்சாச்சாம்மா? மாசக் கடைசியில பையன் குடும்பத்தோட வந்துடுவான். பெயின்ட் வேற அடிக்கணும்."

டின்னக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"உங்க வீட்டுக்காரர் சொல்லலையா? நான் அப்பவே சொல்லிட்டேனே. வேற வீடு பாத்தாச்சுன்னு நேத்துதான் சொன்னார்."

மூன்றாம் மாடிக்கு எப்படி ஏறினாள் என்று அவளுக்குத் தெரியாது. புருஷன் வந்து செருப்பைக் கழற்றும் வரை விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

அவருக்கு எதைக் கேட்கிறாள் என்று புரிந்தது. "மூணு வாரம் இருக்கும்."

"மூணு வாரமா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

அவர் எட்டி விளக்கைப் போட்டார்.

"வேற வீடு எங்க?"

"பட்டறைக்குப் பின்னாடி. கீழ் வீடு."

"வெயில் வருமா?"

அவர் கழற்றிய செருப்பை எடுத்துச் சுவரோரமாக நேராக வைத்தார். அதைப் பார்த்ததும் அவளுக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ.

"நான் என்ன பீரோவா? வண்டி வந்ததும் தூக்கி ஏத்திட்டா கூடவே வந்துடுவேன்னு நினைச்சீங்களா? அஞ்சு வீடு வாயை மூடிக்கிட்டு வந்தேன். இந்தத் தடவை வரல. பாப்பாவைக் கூட்டிக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போறேன். உங்க சாமானை நீங்க எடுத்துக்கிட்டுப் போங்க."

வாய்க்கு வந்ததைச் சொன்னாள் என்று நினைத்துவிட வேண்டாம். மறுநாளே அண்ணனிடம் போய்ப் பேசிவிட்டு வந்தாள். அண்ணனுக்கு ஊரின் மறுகோடியில் சொந்த வீடு. "மாடி ரூம் சும்மாதான் கிடக்கு. எத்தனை நாள் வேணாலும் இரு," என்றார் அவர். அண்ணியும் முகம் கோணவில்லை. டின்னக்கா தன் துணியையும் மகள் துணியையும் ஒரு தோல்பையில் அடுக்கிக் கதவோரம் வைத்தாள். அந்தப் பையைத் தாண்டித்தான் புருஷன் தினமும் உள்ளே வர வேண்டும், வெளியே போக வேண்டும். இப்போதாவது வாயைத் திறப்பார் என்று பார்த்தாள். அவரோ பட்டறையிலிருந்து முன்னைவிடத் தாமதமாக வர ஆரம்பித்தார். தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து உள்ளுக்குள் நொறுங்கிப்போனாள். இப்படியேதான் இந்தக் கல்யாணம் முடியப் போகிறதா என்று சமையலறையில் நின்றுகொண்டு அழுதாள்.

காலி பண்ணுகிற அன்று காலை, வண்டியைக் கூட்டிவர அவர் போயிருந்தார். அவள் கத்திரிக்கோலோடு ஜன்னலுக்குப் போனாள். நாலு டின்னின் கொடியும் ஒன்றோடொன்று பின்னி, எது எந்த டின்னுடையது என்று தெரியாமல் கிரில்லைக் கட்டிப் பிடித்திருந்தது. பிஞ்சில் சிலது அப்போதுதான் உருண்டு வந்தது. எந்தக் கம்பியிலிருந்து பிரித்தாலும் கொடி நொறுங்கும். வாடகை வீட்டை நம்பிக் கொடியேற்றிய தன் புத்தியைத் தானே திட்டிக்கொண்டு, முதல் தண்டில் கத்திரிக்கோலை வைத்தாள்.

"இரு."

அவர் வாசலில் நின்றார். தோளில் ஒரு புதுக் கிரில், கையில் ஸ்க்ரூ டிரைவர்.

"ஓனரம்மாகிட்ட கேட்டுட்டேன். இதைக் கழட்டிட்டு வேற ஒண்ணு மாட்டித் தர்றேன்னு. சரின்னுட்டாங்க."

"கழட்டி? உங்க இருட்டு வீட்டுல எங்க மாட்டப் போறீங்க?"

"அங்க இல்ல." அவர் ஜன்னல் திண்டில் ஏறி முதல் திருகைத் தேடினார். "அண்ணன் வீட்டு மாடி ஜன்னல் இதைவிட ஒரு சாண் அகலம். ரெண்டு பக்கமும் இரும்புப் பட்டை வச்சா சரியா உக்காந்துடும். போன வாரம் போய் அளவெடுத்துட்டேன். அங்க வெயில் நல்லா விழுது."

டின்னக்காவுக்குக் கையிலிருந்த கத்திரிக்கோலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தன்னை விட்டுப் போகிற பெண்டாட்டிக்கு, போகிற இடத்தில் வெயில் விழுகிறதா என்று பார்த்துவிட்டு வந்திருக்கிறார் இந்த மனுஷன்.

"அப்ப ஏன் என்கிட்ட மூணு வாரம் சொல்லல?"

துருவேறிய திருகு ஒன்று மக்கர் பண்ணியது. அதனோடு மல்லுக்கட்டிக்கொண்டே சொன்னார்.

"வெயில் வர்ற வீடாப் பாத்துட்டு அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். பட்டறை விட்டதும் தினம் ஒரு தெருவா நடந்தேன். கிடைக்கல. கிடைக்கலன்னு எப்படிச் சொல்றது?"

அவளுக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது. இதை அன்றைக்கே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? ஆனாலும் கிரில் சாயாதபடி கீழ் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

கிரில்லும் கொடியுமாக மூன்று மாடி இறக்கியதைப் பார்த்தவர்கள் ரொம்ப நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். கிரில்லை இரண்டு பேர் தூக்க, கொடி அறுந்துவிடாமல் நாலு பேர் ஆளுக்கொரு டின்னோடு ஒட்டிக்கொண்டே வர வேண்டும். ஒருவர் படி இறங்கினால் எல்லோரும் இறங்க வேண்டும். திருப்பம் வந்தால் அங்கேயே நின்று மாநாடு போட வேண்டும். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று சொன்ன ஓனரம்மாவே ஒரு டின்னைத் தூக்கிக்கொண்டு, "மெதுவா, மெதுவா, பிஞ்சு இடிக்குது," என்று எல்லோரையும் விரட்டினாள். மேலே புதுக் கிரில்லைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அதில் கம்பியெல்லாம் கட்டைவிரல் தடிமன். "முதல்லயே இப்படிப் போட்டிருக்கலாமில்ல?" என்று அவரிடம் ஒரு குறையும் சொல்லிவைத்தாள்.

சின்ன லாரியில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே கிரில்லை நிமிர்த்தி நிறுத்தினார்கள். அடியில் நாலு டின். மகள் முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். பின்னால் கிரில்லின் ஒரு பக்கத்தில் அவர் நின்று பிடித்துக்கொண்டார். மறுபக்கத்தில் டின்னக்கா, தோல்பையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பிடித்தாள். வண்டி கிளம்பியது. சுவர் இல்லாத ஒரு ஜன்னல் பூத்துக் குலுங்கிக்கொண்டு தெருவில் போவதை ஜனங்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவளுக்கு எதிரே, இலைகளுக்கு நடுவே, சதுரம் சதுரமாக அவர் முகம் தெரிந்தது. ஒரு சதுரத்தில் கண், ஒரு சதுரத்தில் நரைக்கத் தொடங்கிய மீசை. வெல்டிங் நெருப்பில் சிவந்துபோன அந்தக் கண்ணை இத்தனை பக்கத்தில் அவள் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

நாலு ரோடு சேரும் இடத்தில் டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் தலையை வெளியே நீட்டினார்.

"அண்ணே, எப்படிப் போறது? நேரா உங்க புது வீட்டுக்கா, இல்ல இடது பக்கம் திரும்பி முதல்ல அக்காவை இறக்கிடலாமா?"

கம்பியைப் பிடித்திருந்த அவர் விரல்கள் வெளுத்துப்போகும் அளவுக்கு இறுகியதை அவள் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்காமல் கீழே டின்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேராவே போங்க தம்பி," என்றாள் டின்னக்கா.

கிரில்லுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் குரல் கம்மலாக வந்தது. "அங்க வெயில் வராது."

"தெரியும். கையை எடுக்காதீங்க, கொடி ஆடுது."